பதினோரு மாதம் ஊறிய சுருட்டு

போன சனிக்கிழமை ஜோகூர் பாருவில் ஒரு பாய் கடையில் சுருட்டு வாங்கினேன். அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள். இலையில் இன்னும் ஈரம் இருந்தது. ஒன்றை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன்... பாய் பதறிப்போனார்.

"சார், சார்! இது புதுசு சார். ஒரு பத்து நாள் வச்சுப் பிடிங்க. ஊறட்டும்."

ஊறட்டும்!

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைவரைக்கும் சுர்ரென்று ஏறியது. "யாரு பாய் உங்களுக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்தது?" என்று கத்திவிட்டேன். வெற்றிலை வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் பாவம், தங்கமான மனுஷன். சுருட்டைப் பற்றி அவர் சொன்னதில் துளிகூடத் தப்பு இல்லை. என் கோபம் அவர்மேல் இல்லவே இல்லை.

பிறகு யார்மேல்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பத்திரிகையில் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்து ஆபீசில் இரண்டே நாற்காலிகள். மூட்டைப்பூச்சி உள்ளதில் நான். மெத்தை போட்டதில் பெரிய கிராணி அய்யாசாமி. கறுப்புக் கோட்டு, சந்தனப் பொட்டு, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூன்று தரம் கனைப்பு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருப்பதற்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும்.

அப்போதிருந்த துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது இவருக்கு ஒரு பெட்டி மணிலா சுருட்டு கொடுத்துவிட்டுப் போனார். இருபத்தைந்து சுருட்டு. ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் சிவப்பும் தங்கமுமாக ஒரு காகிதப் பட்டை. கொடுத்தவர் சும்மா கொடுத்திருக்கக் கூடாதா? கூடவே ஒரு புத்திமதியும் கொடுத்தார்: "இப்பவே பிடிக்காதே. கப்பல்ல வந்த சுருட்டு களைச்சிருக்கும். ஒரு வருஷம் ஓய்வு குடு."

சுருட்டுக்குக் களைப்பாம்! விடிவதற்கு முன்னால் எழுந்து, முதுகில் மழையும் காலில் அட்டையுமாக மரம் மரமாய்ப் பால் வெட்டுகிற ஜனங்களுக்குக் களைப்பு என்று ஒன்று உண்டு என அந்தத் துரை ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

நியாயமாகவே பேசுவோம். புதுச் சுருட்டு காறும் என்பது உண்மைதான். சுருட்டும்போது இலையை நனைத்துத்தான் சுருட்டுகிறார்கள். அந்த ஈரம் போக வேண்டும், உள்ளிலையும் மேலிலையும் ஒன்றோடொன்று சமாதானம் ஆக வேண்டும். அதற்குப் பத்து நாளோ, பதினைந்து நாளோ. நல்ல ஜாதிச் சுருட்டென்றால், குளிர்ந்த தேசத்தில், நல்ல மரப்பெட்டியில் வருஷக்கணக்கில் வைத்தால் ருசி கூடும் என்கிறார்கள். கூடட்டும். ஆனால் லாபிஸில்? சாயங்காலம் கழற்றிப் போட்ட தோல் செருப்பில் காலையில் பூஞ்சை பூக்கிற ஊரிலா?

பெரிய கிராணி இதையெல்லாம் யோசிக்கிறவரா? துரை சொல்லிவிட்டார். முடிந்தது.

பெட்டியை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில். அதற்கப்புறம் ஆபீசுக்கு யார் வந்தாலும் ஒரு சடங்கு உண்டு. அலமாரி திறக்கும். பெட்டி வரும். மூடி அரை அங்குலம் தூக்கப்படும். வந்தவர் குனிந்து மூக்கை வைத்து மோந்து, "ஆஹா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்த காரியம் நடக்காது. தபால்காரர் மோந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மோந்தார். பெரிய கிராணி வீட்டுப் புல் வெட்ட வருகிற சடையன்கூட மோந்தான்.

"பிடிக்கிறது பெரிசில்ல தம்பி. வைக்கத் தெரியணும்" என்பார் என்னிடம். சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். "நம்மது ஊறுது. உன்னதுல ஒண்ணு குடு."

என்னுடையது பாய் கடைச் சுருட்டு. ஊறாதது. அதை அவர் சப்புக்கொட்டிப் பிடிப்பார். எனக்கு ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தார். "வருஷம் முடியட்டும். முதல் சுருட்டு புதுத் தொரைக்கு. ரெண்டாவது எனக்கு. மூணாவது உனக்கு."

மூன்றாவது எனக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். ஒரு மனுஷன் தன் சுருட்டைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினால் எனக்கென்ன? ஆனால் அந்த வியாதி பெட்டியைவிட்டு மேசைக்கு வந்துவிட்டது. பால் வெட்டுகிறவர்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு மனு வரும். "ஊறட்டும்." கிணற்றுக் கயிறு அறுந்துபோச்சு. "ஊறட்டும்." தகப்பனுக்குக் காரியம் செய்ய நாலு நாள் லீவு வேண்டும். "ஊறட்டும்."

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் சார், இதென்ன ஊறுகாயா?"

கனைத்தார். மூன்று தரம். "தம்பி, கேட்டதும் செஞ்சு குடுத்தா நம்ம மதிப்பு என்னாகும்? ரெண்டு தரம் நடக்கட்டும், நாலு தரம் கெஞ்சட்டும். அப்பத்தான் கிடைக்கிறப்ப ருசி தெரியும்."

அந்தச் சமயத்தில்தான் லெட்சுமி வந்தாள். பால் வெட்டுகிறவள். இருபது வயசு இருக்கும். அவள் புருஷன் மாரிமுத்துவுக்குக் கூலாய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுப் புகைபோடுகிற வீட்டில் வேலை கிடைத்து, அவன் முன்னால் போய்விட்டான். இவளும் போக வேண்டும். ஆனால் இந்தத் தோட்டத்தில் பெயரை எடுத்துவிட்டதாகச் சீட்டு வந்தால்தான் அங்கே பெயர் எழுதுவார்கள். சீட்டு இல்லையென்றால் வேலையும் இல்லை, லயத்தில் வீடும் இல்லை.

"அஞ்சு மாசங்க" என்றாள், வயிற்றைத் தொட்டு. "பிள்ள பொறக்கிறதுக்குள்ள அவரு கிட்ட போயிரணும். எனக்கு இங்க வேற யாரும் இல்லீங்க."

நான்தான் எழுதினேன். துரைக்குப் போகிற மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு. தோட்டத்தின் தடிமனான காகிதத்தில், வளைத்து வளைத்து, தாழ்மையுடன், பணிவுடன், வயிற்றில் ஐந்து மாதம் என்பதையும் போட்டு, அவள் கைநாட்டை வாங்கிப் பெரிய கிராணி மேசையில் வைத்தேன். புதுத் துரை வரும்வரை பொறுப்புப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட அரை நிமிஷம் ஆகும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்கிற அதிகாரம் பெரிய கிராணிக்குத்தான்.

என்ன சொன்னார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

லெட்சுமி வாரத்துக்கு ஒரு தரம், காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். "கிராணி ஐயா, என் கடுதாசி என்னாச்சுங்க?"

"ஊறுதும்மா" என்பார் பெரிய கிராணி.

ஒருநாள் அவள் கேட்டாள்: "கடுதாசி ஊறுனா கிழிஞ்சு போயிராதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். பெரிய கிராணி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

நான் சும்மா இருந்தேனா? இல்லை, இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். முதல் தரம் "பார்க்கலாம்" என்றார். இரண்டாம் தரம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பெட்டியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே மூடியைத் தூக்கினார். "மூணாவது உனக்குன்னு சொன்னேனே... மறந்துட்டியா தம்பி?"

நான் குனிந்தேன். மோந்தேன். "ஆஹா" என்றேன்.

மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்தது. இங்கேயே, அந்த ஒழுகுகிற லயத்தில். மாரிமுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அப்புறம் அவனுக்கும் லீவு கிடைக்கவில்லை. அந்தத் தோட்டத்திலும் ஒரு பெரிய கிராணி இருந்திருப்பார்.

இதற்கிடையில் புதுத் துரை வந்து சேர்ந்தார். வருஷாந்திர முனியாண்டி பூசையும் வந்தது. எல்லைச் சாமி, பெரிய அத்தி மரத்தடியில் ஒரு சூலமும் மூன்று கல்லும். சேவல், கள், சுருட்டு, இந்த மூன்றும் இல்லாமல் முனி நகரமாட்டார். பூசாரி வேறு யாருமில்லை, புல் வெட்டுகிற சடையன்தான். வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் சடையன். ஒரு நாள் மட்டும் முனி.

அந்த வருஷம் மழை அடித்துப் பாலம் போய்விட்டது. லாபிஸிலிருந்து கடைச் சாமான் வரவில்லை. சேவல் இருந்தது, கள் இருந்தது. சுருட்டு மட்டும் இல்லை. என் கைவசம் இருந்த கடைசி மூன்றையும் முந்தின நாளே பெரிய கிராணி "ஒண்ணு குடு, ஒண்ணு குடு" என்று முடித்திருந்தார்.

பூசை பகல் பன்னிரண்டு மணிக்கு. தோட்டமே கூடியிருக்கிறது. முன்னால் ஒரு நாற்காலியில் மாலை போட்ட துரை. பக்கத்தில் கோட்டும் பொட்டுமாகப் பெரிய கிராணி. பின்னால் நான். உறுமி அடித்ததும் சடையனுக்குச் சாமி வந்துவிட்டது. கையில் ஒன்றரை முழ வெட்டரிவாள். "ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். துரை நாற்காலியில் கொஞ்சம் பின்னுக்குப் போனார்.

"சுருட்டு எங்கடா?"

யாரோ ஒரு பீடியை நீட்டினார்கள். முனி அதை வாங்கி அத்தி மரத்துக்கு அந்தப் பக்கம் வீசினார். பிறகு நேராக வந்து பெரிய கிராணி முன்னால் நின்றார்.

"நீ பூட்டி வச்சிருக்கியே... அது எங்கடா?"

பெரிய கிராணி கனைக்கப் பார்த்தார், வரவில்லை. அப்புறம் சொன்னார் பாருங்கள் ஒரு பதில்! என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, குழைந்து, சாமியைப் பார்த்துச் சொல்கிறார்:

"சாமி... வருஷம் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்குங்க. கொஞ்சம் பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

முனி பொறுத்துக்கொள்கிற ஜாதியா? அரிவாளை ஒரு சுற்றுச் சுற்றினார். பெரிய கிராணி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்த வேகத்தை நான் அந்த ஆபீசில் ஒரு நாளும் கண்டதில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தவன் நான்.

முனி ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். சூடத்தில் பற்றவைத்தார். இழுத்தார். கன்னம் ஒட்டிப்போயிற்று, புகை வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். 'உய்ய்' என்று ஒரு சத்தம் வந்தது. சுருட்டின் விலாவில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை! அதை எறிந்துவிட்டு இன்னொன்று. அதிலும் ஓட்டை. மூன்றாவது... ஆமாம், என்னுடைய மூன்றாவது... விரலில் எடுத்ததுமே பொடியாக உதிர்ந்தது.

"என்னடா இது? இழுத்தா காத்து வருது, பொகை வரல! பூச்சி தின்ன மிச்சமா எனக்கு?"

பெட்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்தார். பழுப்புத் தூள் கொட்டியது. குட்டிக் குட்டியாகச் சிவந்த வண்டுகள் நாலா பக்கமும் ஓடின. எங்கள் துணையோடு பதினோரு மாதம் அந்தப் பெட்டிக்குள் குடும்பம் நடத்தியவை அவைதான். கடைசியாக, அடியில் போட்டிருந்த ஒரு தடிமனான காகிதம் பொத்தென்று துரையின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது.

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சுருட்டுக்கு மெத்தையாகப் பெட்டியின் அடியில் பெரிய கிராணி விரித்திருக்கிறார். நல்ல காகிதம் எது? கைக்குக் கிடைத்தது எது? மேசைமேல் ஊறிக்கொண்டிருந்த மனுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று பிற்பாடு சத்தியம் பண்ணினார். நம்புகிறேன். என்ன காகிதம் என்றுகூட அவர் பார்த்திருக்கமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

துரை குனிந்து எடுத்தார். அங்கங்கே வண்டு துளைத்திருந்தாலும் எழுத்து நன்றாகத் தெரிந்தது. நான் வளைத்து வளைத்து எழுதிய எழுத்தல்லவா? படித்தார். தலையைத் தூக்கினார். எல்லாத் துரைமார்களையும்போல அவருக்கும் ஒரு மாதிரித் தமிழ் வரும்.

"லெட்சுமி யாரு?"

கூட்டம் விலகியது. லெட்சுமி வந்து நின்றாள். துரை காகிதத்தைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இதுலே அஞ்சு மாசம் சொல்றது. அந்த அஞ்சு மாசம் எங்கே?"

"அதாங்க தொரை" என்றாள் லெட்சுமி. "இடுப்புல இருக்கு."

இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை. எட்டித் துரை கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தது. அதற்கு அந்த உரிமை உண்டு. அதைப் பற்றித்தானே எழுதியிருந்தது? கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். உறுமிக்காரரும் நிறுத்திவிட்டார்.

துரை பெரிய கிராணியைப் பார்த்தார். அவர் மரத்தைப் பார்த்தார். துரை என் பக்கம் திரும்பினார்.

"இது உன் எழுத்து. நீ எழுதினது. பிறகு நீ ஏன் கேக்கல?"

வாசகர்களே, எனக்கு இங்கிலீஷ் தெரியும். தமிழ் உங்களுக்கே தெரியும், வாரம் தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள். மலாயும் நாலு வார்த்தை பேசுவேன். அன்றைக்கு மூன்று பாஷையிலும் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. 'மூன்றாவது சுருட்டு எனக்கு என்றார்கள்' என்று எந்தப் பாஷையில் சொல்வது?

துரை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. நான் பாக்கறது. இவ எடத்துக்கு வேற ஆள் வரட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்."

கேட்டீர்களா? வந்து மூன்று மாதம் ஆகவில்லை. அவரும் ஊறப்போட ஆரம்பித்துவிட்டார்!

அப்போதுதான் முனி, துரையின் நாற்காலிக்கு நேர் எதிரே, சூலத்துக்கு அடியில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சீட்டுல கையெழுத்து விழுகட்டும். அதுவரைக்கும் நான் மலையேற மாட்டேன்."

சாமி மலையேறாவிட்டால் பூசை முடியாது. பூசை முடியாவிட்டால் ஒரு ஆளும் மறுநாள் காலையில் வெட்டுக்குப் போகமாட்டான். இது துரைக்கும் தெரியும். இருநூறு பேர் நகராமல் நிற்கிறார்கள். மடியில் அரிவாளோடு ஒரு சாமி கண் கொட்டாமல் பார்க்கிறது. துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு தரம் பெரிய கிராணியைப் பார்த்தார், ஒரு தரம் முனியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னேனே, அரை நிமிஷம் என்று? அவ்வளவுகூட ஆகவில்லை.

முனி எழுந்தார், ஒரு கூச்சல் போட்டார், மலையேறினார். சடையன் கீழே விழுந்தான். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டான். கேட்கும்போது லெட்சுமி பக்கம் ஒரு பார்வை பார்த்தமாதிரி எனக்குத் தோன்றியது. வந்தது முனியா, பெட்டியை மோந்து பார்த்த சடையனா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. யாராக இருந்தாலும் அவர் காலில் விழ வேண்டியவன் நான்.

மறுநாளே சீட்டை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் லெட்சுமி ரயிலேறிவிட்டாள். வழியனுப்ப ஸ்டேஷன்வரைக்கும் போனேன். என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய கிராணி திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்துகிற ஆளா அவர்? மறுநாள் ஆபீசில் பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: "அவசரப்பட்டுத் தொறந்துட்டாங்க தம்பி. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்." அதோடு விட்டாரா? உள்ளதில் ஓட்டை குறைந்த ஒரு சுருட்டைப் பொறுக்கி என் மேசைமேல் வைத்தார். "சொன்ன சொல் தவறமாட்டேன். இந்தா, உன்னோட மூணாவது."

அதை நான் பிடிக்கவில்லை. எறியவும் இல்லை. பவுண்டன் பேனாவோடு மேசை டிராயரில் கிடக்கிறது. எவனாவது என்னிடம் ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லி வந்தால், பேனாவை எடுக்கும்போது அது முதலில் கண்ணில் படும்.

சரி, பாய் கடைக்கு வருவோம். புதுச் சுருட்டுக்குப் பத்து நாள் ஓய்வு வேண்டுமா? வேண்டும். பாய் சொன்னதுதான் சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு அவர் கண்முன்னாலேயே அந்த ஈரச் சுருட்டைப் பற்றவைத்தேன். தொண்டையை அறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "நான்தான் சொன்னேனே சார்!" என்றார் பாய். இருமிக்கொண்டே கடைசிவரை பிடித்தேன்.

நன்றாகத்தான் காறியது. ஆனால் அதற்காக ஒரு வாசலிலும் யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை.